தம்பி இருந்த பத்தியம்

மாத்திரையை நிறுத்து என்று என் தம்பியிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்துவிடுவேன். ஆனால் அவன் நிறுத்தியது என் பேச்சைக் கேட்டுத்தான். இதை எழுதலாமா வேண்டாமா என்று என்னோடு நானே மல்லுக்கட்டி, முடியாமல் எழுதித் தொலைக்கிறேன்.

நான் சித்தூரில் ஒரு அரசுப் பள்ளியில் உயிரியல் சொல்லித்தருகிறேன். வகுப்பில் தெலுங்கும் இங்கிலீஷும், வீட்டில் தமிழ். சொந்த ஊர் புத்தூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. அங்கே அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். தம்பி எனக்கு நாலு வயது இளையவன். மாங்காய் சீசனில் சித்தூர் பக்கத்தில் மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை, மற்ற மாதங்களில் ஊரில் எங்கள் ஒன்றரை ஏக்கர் கரும்பு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊரே கேட்கிறது. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவனுக்கு எச்ஐவி இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டு இன்னொரு முறை அவனைத் தலைகுனிய வைப்பானேன்? ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூட கேட் எதிரில் வந்து நின்றான். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. "அக்கா, நீ இதெல்லாம் படிச்சவ. வேற யாராண்ட போறதுன்னு தெரியல" என்றான். மறுநாளே லீவு போட்டுத் திருப்பதி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சித்தூரிலும் மருந்து கிடைக்கும். ஆனால் அந்த ஊரில் எந்த வரிசையில் நின்றாலும் என் மாணவர்களின் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் நிற்பார்கள். என் வீட்டுக்காரருக்கே நான் சொல்லவில்லை.

திருப்பதிக்கு மாதாமாதம் போகிறவன் எதற்குப் போகிறான் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பெருமாள் இருக்கிறார், போதாதா? வேண்டுதல் என்று அம்மாவிடம் சொன்னோம். ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சலூனில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் தடவிக்கொண்டு ஊருக்குப் போவான். ஆறு வருடத்தில் அவன் மலை ஏறியது இரண்டு முறை இருக்கும். மாத்திரை டப்பாவின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவான். கேட்டால் சத்து மாத்திரை. அம்மா தெருவெல்லாம் பெருமையடித்தாள். "எம் புள்ளய பெருமாளுக்கே நேந்து உட்டுட்டேன்" என்பாள்.

மருந்து ஆரம்பித்தபோது அவன் உடம்பில் எதிர்ப்பு அணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. தினம் ஒரு மாத்திரை, தவறாமல். இரண்டு வருடத்தில் ஆள் தேறிவிட்டான். மாங்காய் நிரப்பிய பிளாஸ்டிக் கிரேட்டைத் தனியாளாய்த் தூக்கி லாரியில் வைப்பான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் சங்கராந்தி முடிந்து போனபோது வைரஸ் அளவுப் பரிசோதனையின் முடிவைக் கையில் கொடுத்தார்கள். வைரஸ் கண்டறியப்படவில்லை என்று போட்டிருந்தது. அன்று பள்ளி விடுமுறை. நானும் கூடப் போயிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். நான் செய்த காரியம் அங்கேதான்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு பித்து பிடித்திருந்தது. எச்ஐவி தடுப்பூசி ஆராய்ச்சி பற்றி எது வந்தாலும் படிப்பேன். போனைத் திறந்தால் தெலுங்குச் சேனல்காரன் எவனாவது 'மருந்து வந்துவிட்டது' என்று சிவப்பு எழுத்தில் கத்திக்கொண்டிருப்பான். உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. அவனைத் திட்டிவிட்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்று தேடிப் போய்த்தான் இந்தப் படிப்பு ஆரம்பித்தது. கட்டுரைகளை இங்கிலீஷில் திக்கித் திணறிப் படித்து, புரிந்த வரைக்கும் அவனிடம் சொல்வேன். அன்றும் சொன்னேன். இந்த வைரஸ் மேல்தோலை மாற்றிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இத்தனை வருடமாக ஊசி போட்டு ஊசி போட்டுத் தோற்றார்கள். இப்போது ஒரே ஊசியில் எல்லாம் ஆகாது என்று தெரிந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு ஊசிகள் போட்டு, உடம்பின் அணுக்களுக்குப் படிப்படியாகப் பாடம் நடத்திப் பார்க்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மாதிரி. வைரஸ் எந்தத் தோலில் வந்தாலும் பிடிக்கிற எதிர்ப்புப் பொருளை உடம்பே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் படிகளில் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. ஊசியாக வர இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது.

அவன் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசத்துக்கு ஒரு ஊசின்னு டிவில சொன்னானே, அது?"

"அது தடுப்பூசி இல்லடா, மருந்து. இந்த நோய் இல்லாதவங்களுக்கு வராம தடுக்கறதுக்கு."

"நீ சொல்ற ஊசி?"

"அதுவும் மொதல்ல இல்லாதவங்களுக்குத்தான்."

"எல்லாமே இல்லாதவங்களுக்கு" என்றான். டீயைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எங்களுக்கு இன்னாக்கா?" என்றான்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நல்ல ரிப்போர்ட்டு வந்த நாளில் இப்படி ஒரு மூஞ்சியோடு அவனை ஊருக்கு அனுப்புவதா என்று இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லி அவனைத் தூக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதைச் சொன்னேன். மருந்தே இல்லாமல் இந்த வைரஸை அடக்கி வைத்திருக்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நூற்றில் ஒருவர்கூடத் தேறாது. அவர்கள் உடம்பே அதை அமுக்கி வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் அவர்களுடைய ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். அதிலிருந்து வழி கிடைக்காதா என்று. "உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட இருந்துதான்டா வழியே கெடைக்கப் போவுது" என்றேன். டீச்சர் அல்லவா, ஒரு நல்ல வாக்கியத்தோடு பாடத்தை முடிக்காவிட்டால் தூக்கம் வராது.

"அவங்களுக்கு ரிப்போர்ட்டுல இன்னான்னு வரும்?"

"அவங்களுக்கும் கண்டறியப்படவில்லைன்னுதான் வரும்."

அவன் மடியில் இருந்த தாளைப் பார்த்தான். பார்த்ததை நான் பார்த்தேன். அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர்கள் ஆரம்பத்திலிருந்தே மாத்திரை இல்லாமல் அப்படி இருக்கிறவர்கள், உனக்கு வைரஸ் தெரியாமல் இருப்பது மாத்திரையால், அது எங்கும் போய்விடவில்லை, அணுக்களுக்குள் தூங்குகிறது, மாத்திரையை விட்டால் எழுந்துகொள்ளும். இவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு. எனக்குத் தெரியாததும் இல்லை. சித்தூர் பஸ் வந்தது. சீட்டுப் பிடிக்க ஓடிவிட்டேன்.

மாசி பிறந்து அம்மா போன் செய்தாள். தம்பி உப்பு சேர்ப்பதில்லையாம். புளி இல்லை, எண்ணெய் இல்லை, கருவாடு கண்டிப்பாய் இல்லை. "நாப்பத்தெட்டு நாளைக்காம். தனியா பொங்கிப் போடச் சொல்றான். பெருமாளாண்ட இன்னா வேண்டிக்கினானோ, கேட்டா சிரிக்கிறான்" என்றாள். நானும் சிரித்தேன். நாங்கள் சொன்ன பொய்க்கு மெருகேற்றுகிறான், கெட்டிக்காரன் என்று நினைத்தேன். "உடும்மா, உப்பு கொறச்சா உடம்புக்கு நல்லதுதான்" என்று எனக்குத் தெரிந்த மருத்துவத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டு பதில்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்தேன்.

ஏப்ரலில் மாத்திரை வாங்கத் தனியாகப் போனான். எனக்குப் பொதுத்தேர்வு வேலை. போய்விட்டு வந்து, "எல்லாம் நல்லா கீதுக்கா" என்றான். அங்கே மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். சரியாக மிச்சம் இருக்க வேண்டியதை மட்டும் டப்பாவில் வைத்துக்கொண்டு மீதியைக் கரும்புக்குப் பாயும் கால்வாயில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். இது எனக்குப் பிறகு தெரிந்தது. பெருமாளை ஏமாற்றிப் பழகிய கைக்கு நர்ஸம்மா எம்மாத்திரம்?

ஜூலையில் கம்பெனிக்குப் போய் அவனைப் பார்த்தேன். தோத்தாபுரி மாங்காய் மலைபோல் கொட்டிக் கிடக்க, அதற்கு நடுவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தான். "டூட்டி பன்னெண்டு ஹவருக்கா, அதான்" என்றான். வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்தேன். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் மாதிரி வெள்ளை படிந்திருந்தது. உடம்பில் எதிர்ப்பு இறங்கிவிட்டால் வருகிற பூஞ்சை அது. இப்போதே கிளம்பு என்றேன். சீசன் முடியட்டும், லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்றான். கெஞ்சினேன், திட்டினேன், கேட்கவில்லை. ஆகஸ்டு முதல் வாரம் அவனோடு வேலை செய்கிறவர்கள் போன் செய்தார்கள். இருமி இருமி மயங்கி விழுந்துவிட்டானாம். வாடகைக் காரில் என் மடியில் படுக்கவைத்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். சந்திரகிரி தாண்டும் வரை பேசிக்கொண்டு வந்தவன் அதற்குப் பிறகு பேசவில்லை.

நுரையீரலில் டிபி. ரத்தத்தில் வைரஸ் எக்கச்சக்கம். எதிர்ப்பு அணுக்கள் ஆறு வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் குறைவு. ஆறு வருடமாக அவனைப் பார்த்து வந்த டாக்டரம்மா மூன்றாம் நாள் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "மந்துலு எந்துக்கு மானேசாவு? எவரன்னா செப்பாரா?" என்று கேட்டார். ஏன் நிறுத்தினாய், யாராவது சொன்னார்களா என்று. இப்படி நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விதான். நாட்டு மருந்துக்காரன், சாமியார், யூடியூப்காரன் என்று யாராவது ஒருவன் பின்னால் இருப்பான்.

"எவரூ லேரு மேடம். பத்தகம்" என்றான். யாருமில்லை, சோம்பேறித்தனம். டாக்டரம்மாவோடு வந்திருந்த ஆஸ்பத்திரி ஆலோசகர் அதையே சீட்டில் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் நான் ஆடித் தீர்த்தேன். வார்டு என்றும் பார்க்கவில்லை. "எருமமாடே, ஒரு மாத்திர. ஒரு நாளைக்கு ஒன்னே ஒன்னு. அத்தத் தூக்கி வாயில போட சோம்பேறித்தனமா உனக்கு? உன்னால எத்தினி பொய் சொல்லியிருக்கேன், எத்தினி லீவு போட்டிருக்கேன்" என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பி நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்தான்.

"நீ சொன்னியேக்கா, சில பேரு உடம்பே அத்த அமுக்கி வெச்சிக்கும்னு. எனக்கும் ரிப்போர்ட்டுல ஒன்னுமில்லன்னுதானே வந்துச்சி. மாத்திர துன்னுக்கினே இருந்தா எப்பிடித் தெரியும், உடம்பு பண்ணுதா மாத்திர பண்ணுதான்னு? சின்னதுல எனக்குக் காமால வரசொல்ல கீழாநெல்லி குடுத்தாங்களே, ஞாபகம் கீதா? உப்பு, புளி, எண்ணெ கூடாது, இங்கிலீஷ் மருந்து தொடவே கூடாது, தொட்டா உடம்பு எத்தயும் புடிச்சிக்காதுன்னாங்க. சரியா பூடுச்சி இல்ல? அதே மாதிரி ஒரு மண்டலம் உட்டுப் பாக்கலாம்னு பத்தியம் இருந்தேன். நடுவுல ஒரு வாரம் ஜொரம். பயந்துகினு ரெண்டு நாள் மாத்திர போட்டேன். நின்னு போச்சி. அப்புறம் நாப்பத்தெட்டு நாளும் ஒன்னும் ஆவல. ஓகோ, நான் அந்த ஆளுதான்னு நெனச்சிக்கினேன்."

இருமல் வந்தது. முடிகிற வரை முதுகைத் தடவினேன்.

"மாங்கா சீசன் முடிஞ்சி உன்னாண்ட வந்து சொல்லலாம்னு இருந்தேன். அக்கா, நான் அந்த மாதிரி ஆளு, என் ரத்தத்த எடுத்துக்கினு ஊசி கண்டுபுடிக்கட்டும், எங்க குடுக்கணும் கூட்டினு போன்னு. நீ சந்தோசப்படுவன்னு பாத்தேன்."

நான் வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து, சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என்ன படிப்புப் படித்தேன், யாருக்குச் சொல்லிக்கொடுத்தேன்? முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை நடத்திவிட்டு, யாருக்கு என்ன புரிந்தது என்று ஒவ்வொருத்தரையாக எழுப்பிக் கேள்வி கேட்கிறவள், என் கூடப் பிறந்தவனிடம் ஒரு கேள்வி திருப்பிக் கேட்கவில்லை. அவன் உப்பில்லாமல் சாப்பிடுகிறான் என்று அம்மா சொன்னபோது பாராட்டினேன்.

அம்மாவை வரவழைத்தோம். டிபி என்று மட்டும் சொன்னோம். அவள் மகனைப் பார்த்துவிட்டு, "பத்தியத்துல எங்கியோ கொற வெச்சிட்டான்" என்று முடிவு கட்டி, அவனுக்காகத் தானே ஒரு மண்டலம் உப்பை விட்டுவிட்டாள். ரத்தக் கொதிப்புக்காரி உப்பை விட்டால் நல்லதா கெட்டதா என்று கேட்டால் சொல்ல எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் யாருக்கும் ஒன்றும் சொல்லித்தரக் கூடாது என்று இருந்தது.

டிபி மருந்தை முதலில் இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய மாத்திரை, அதுவும் டிபி மருந்து அதன் வேகத்தைக் குறைக்கும் என்பதால் இந்த முறை இரண்டு வேளை. அதை ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முழுசாக விட்டிருந்தாலும் பரவாயில்லை, நடுவில் போட்டுப் போட்டு விட்டிருந்தால் வைரஸ் மாத்திரைக்குப் பழகியிருக்கலாம், அப்படிப் பழகியிருந்தால் இது வேலை செய்யாது, வேறு மருந்துக்குப் போக வேண்டும், அதற்கெல்லாம் இந்த உடம்பு தாங்க வேண்டும் என்றார். ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நாளாகும். "ஆளு நல்லவன்தான். ஆனா சோம்பேறின்னு எழுதி வெச்சிருக்கு. வேற மருந்து கேட்கும்போது அதையும் பார்ப்பாங்க. அவன் ஒழுங்கா சாப்பிடுவான்னு நாம நம்ப வைக்கணும்" என்று தெலுங்கில் சொன்னார்.

சோம்பேறி. என் தம்பி. நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் கிரேட் தூக்கினவன். எனக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. மேடம், அவன் சோம்பேறியில்லை, நான் சொன்னதைக் கேட்டுத்தான் நிறுத்தினான், நான் ஒரு உயிரியல் டீச்சர். வாய் வரைக்கும் வந்தது. அவனைக் கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று கட்டிலுக்குப் போனேன்.

"நாளைக்கு டாக்டராண்ட உண்மையச் சொல்லிடப் போறேன்" என்றேன். "நீ சோம்பேறியில்ல. நான்தான் தப்பா சொன்னேன். பாதியச் சொல்லிட்டு பஸ்ஸு ஏறிட்டேன். என்மேலதான் தப்புன்னு எழுதிக்கட்டும்."

அவன் தலையணையில் தலையைத் திருப்பி என்னையே பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"வேணாங்க்கா" என்றான். "நீ தப்பா சொல்லிட்டேன்னு சொல்லாத. என்னாண்டயும் சொல்லாத. நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன், அப்பிடியே இருக்கட்டும். நீ சொன்னது தப்புன்னு ஆயிட்சின்னா, நான் அப்புறம் யாரு பேச்சைக் கேட்டு அத்த வாயில போடுவேன்? எனக்கு வேற யாரு கீறாங்க?"

மறுநாள் காலையில் நர்ஸ் ஒரு சின்ன மூடியில் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீர். அம்மா வராந்தாவில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். அவன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நர்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"இது வேலை செய்யுமாக்கா?"

எனக்குத் தெரியாது. ரத்தம் எடுத்துப் போனவர்களுக்கே இன்னும் தெரியாது. இதற்கு முந்தின முறை அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாமல் ஒன்றைச் சொன்னேன், அதனால்தான் இந்தக் கட்டிலில் கிடக்கிறான் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"செய்யும், துன்னு" என்றேன்.

அவன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.